யாரையும் விட்டுவிட்டுப் போகாத எதிர்காலம்

(மேட்டூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எதிர்காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் பாறையில் தொடங்குகிறேன். பாலமலையையும் அணைக்கு இந்தப் பக்கத்துக் குன்றுகளையும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சேலம் வட்டாரத்துப் பாறைகளுக்குப் புவியியல் அறிஞர்கள் கணித்திருக்கும் வயது சுமார் 250 கோடி ஆண்டு. மீன் இல்லாத, மரம் இல்லாத, புல்கூட முளைக்காத காலத்திலேயே இவை இருந்தன. இவற்றோடு ஒப்பிட்டால் மனிதன் என்ற இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. உழவு தொடங்கிப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை.

1930ஆம் ஆண்டு ஓலாஃப் ஸ்டேபிள்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு புத்தகம் எழுதினார். ‘கடைசி மனிதர்களும் முதல் மனிதர்களும்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தத்துவம் படித்தவர், தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தவர். அந்தப் புத்தகத்தில் கதாநாயகன் கிடையாது, காதல் கிடையாது. 200 கோடி ஆண்டுகள் மனிதன் என்ன ஆகிறான் என்பதுதான் கதை. நாம் முதல் மனிதர்கள். நமக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மனித இனங்கள் தோன்றி அழிகின்றன. பறக்கும் மனிதர்கள் வருகிறார்கள். வெறும் மூளையாகவே வளர்க்கப்பட்டவர்கள் வருகிறார்கள். பூமியை விட்டு வெள்ளிக்கும், பிறகு நெப்டியூனுக்கும் குடிபெயர்கிறார்கள். பதினெட்டாவது இனம்தான் கடைசி. இத்தனை நீண்ட அந்தக் கற்பனைக் காலமும் நம் பாறையின் வயதுக்குள் அடங்கிவிடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பழைய நிலத்தின் மேல் நின்றுகொண்டு, வரப்போகும் லட்சம் ஆண்டைப் பற்றி யோசிப்பதில் மிகை எதுவும் இல்லை.

அந்தக் கடைசி மனிதர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். அவர்களுக்கு ஆயுள் மிக நீளம். எல்லோரும் ஒரே மனமாகச் சேர்ந்து சிந்திக்கும் ஆற்றலும் உண்டு. பிரபஞ்சத்தின் அழகைப் பார்க்கும் கண் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று அவர்களைத் தூங்கவிடுவதில்லை. தங்களுக்கு முன்னால் பிறந்து, பட்டினியிலும் போரிலும் நோயிலும் பொருளற்று இறந்துபோன கோடிக்கணக்கானவர்களின் துயரம் அது. நாம் இவ்வளவு உயர்ந்துவிட்டோம், அவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்வி தாங்காமல், தங்கள் மனத்தைக் காலத்தின் பின்னால் செலுத்தி, இறந்துபோனவர்களின் மனத்துக்குள் புகுந்து அவர்களோடு சேர்ந்து துன்பப்படப் பழகுகிறார்கள். இறந்த காலத்தை மாற்ற முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் தனியாக விடமாட்டோம் என்கிறார்கள்.

ஆன்ம வளர்ச்சி பற்றி எழுதப்பட்ட எந்தக் கதையைப் படித்தாலும் இதையே அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன். உயர்ந்தவன் திரும்பிப் பார்க்கிறானா, இல்லை போய்க்கொண்டே இருக்கிறானா?

திரும்பிப் பார்க்காதபோது என்ன நடக்கும் என்பதை எச்.ஜி. வெல்ஸ் 1895இலேயே எழுதிவிட்டார். ‘கால எந்திரம்’ நாவலில் ஒருவன் 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறான். அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் பழம் தின்று விளையாடும் மென்மையான எலாய்கள். கீழே இருட்டில் எந்திரங்களை ஓட்டும் மார்லாக்குகள். முதலாளி மேலே, தொழிலாளி நிலவறையில் என்று ஆரம்பித்த பிரிவு, எட்டு லட்சம் ஆண்டில் இரண்டு வேறு உயிரினங்களில் வந்து முடிந்திருக்கிறது. கீழே உள்ளவர்கள் இரவில் வந்து மேலே உள்ளவர்களைத் தின்கிறார்கள். நம் பஞ்சாங்கக் கணக்குப்படி கலியுகம் 4,32,000 ஆண்டு, தொடங்கியது கி.மு. 3102. அப்படியானால் வெல்ஸ் சொல்லும் ஆண்டு, கலி முடிந்து மூன்றே முக்கால் லட்சம் ஆண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. தர்மம் நான்கு காலிலும் நிற்கும் கிருதயுகம் என்று பஞ்சாங்கம் எழுதும் அதே காலத்தில் மனிதனை மனிதன் தின்கிறான் என்று வெல்ஸ் எழுதினார். காலம் போனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அவர் ஒரே அடியில் உடைத்தார். யுகம் மாறுவதால் மட்டும் மனிதன் மாறமாட்டான்.

இனி அறிவியல் புனைகதை எழுதிய ஆர்தர் கிளார்க். 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறுவயதில் ஊர் நூலகத்தில் ஸ்டேபிள்டனின் புத்தகத்தைப் படித்து மனம் மாறியவர். 1956இல் இலங்கைக்கு வந்தார். 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். வந்த ஆண்டிலேயே திருகோணமலையில் கடலுக்குள் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் பார்த்தார். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்த கோயில் அது. கற்கள் பாறையிலிருந்து கடலில் விழுந்து கிடந்தன. விண்வெளியைப் பற்றி எழுதிய ஒரு மனிதர் தமிழர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியில் தொட்டுப் பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அவர் இலங்கைக்கு வருவதற்கு மூன்றாண்டு முன்பு, 1953இல் வந்த நாவல் ‘குழந்தைப் பருவத்தின் முடிவு’. ஆன்மப் பரிணாமம் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதைகளில் இதைவிட அதிகம் பேசப்பட்டது இருக்குமா என்பது சந்தேகம். வானிலிருந்து மேலான இனம் ஒன்று வந்து பூமியை ஆள்கிறது. போர் நிற்கிறது, வறுமை ஒழிகிறது. பிறகுதான் அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று தெரிகிறது. மனிதக் குழந்தைகள் மாறத் தொடங்குகிறார்கள். தொட்டிலில் கிடக்கும் ஒரு பெண் குழந்தை, கிலுகிலுப்பையைக் கையால் தொடாமலேயே ஒலிக்க வைக்கிறாள். தாய் அதைப் பார்த்து அலறி ஓடுகிறாள். கொஞ்ச நாளில் உலகத்துக் குழந்தைகள் எல்லோரும் ஒரே மனமாகிவிடுகிறார்கள். அப்பா, அம்மா யார் என்று அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் அந்தப் பெருமனம் இன்னும் பெரிய ஒரு பேரறிவோடு கலந்து புறப்படுகிறது. போகும்போது பூமியையே கரைத்து உண்டுவிட்டுப் போகிறது. பெற்றோர்கள்? அவர்களுடைய கதை முடிந்தது.

பெரிய நாவல். திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஆனால் அதன் முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடவுள் நிலைக்குப் போகிறவன் தாயின் முகத்தை மறந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், அந்த நிலை எதற்கு?

மேட்டூரில் இருந்துகொண்டு அந்த நாவலைப் படித்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1925இல் இங்கே அணை கட்டத் தொடங்கினார்கள். 1934இல் திறந்தார்கள். 120 அடி உயரத்துக்கு, 93.47 டி.எம்.சி. தண்ணீர். ஜூன் 12ஆம் தேதி மதகு திறந்தது என்ற செய்தி வந்தால் தஞ்சாவூர் முழுக்க நாற்றங்காலுக்கு உயிர் வருகிறது. எத்தனை லட்சம் வயிறு அதனால் நிறைந்திருக்கிறது! அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில், பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரிவதைப் பார்க்க நீங்களே குடும்பத்தோடு போயிருப்பீர்கள். சுற்றிலும் வெடித்த வண்டல், அதில் அரைத்தூண் வரை புதைந்த கல். அணை கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு காலத்தின் முன்னேற்றத்துக்கும் அடியில் சில ஊர்கள் இருக்கின்றன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை என்கிறேன். மனிதனின் கடைசி முன்னேற்றத்துக்கு அடியிலும் அப்படி ஊர்கள் கிடக்குமா என்பதுதான் என் கேள்வி.

கூட்டம் தொடங்குவதற்கு முன் டீக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். “சார், எங்களுக்கு ஷிஃப்ட் கொறைஞ்சு மூணு மாசமாச்சுங்க. லட்சம் வருசம் கழிச்சு மனுசன் ஜோதி ஆவானா இல்லியான்னு பேசி என்னங்க சார் ஆகப்போவுது?” என்று கேட்டார். மரியாதையோடுதான் கேட்டார், ஆனால் பதிலை எதிர்பார்த்துக் கேட்டார். இங்கே உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்கான பதில் வடலூரில் இருக்கிறது.

ஜோதி பற்றித் தமிழில் மிக அதிகமாகப் பேசியவர் வள்ளலார். 1823இல் மருதூரில் பிறந்தார். மனித உடம்பு இப்படியே செத்துப்போக வேண்டியதில்லை, அது படிப்படியாகச் சுத்த தேகமாகவும் பிரணவ தேகமாகவும் ஞான தேகமாகவும் மாற முடியும் என்றார். மனிதப் பரிணாமத்தின் தொலை எதிர்காலத்தை இவ்வளவு துல்லியமாக வகுத்துச் சொன்னவர் அவர் காலத்தில் உலகில் எத்தனை பேர் இருந்தார்கள்? பரிணாமம் பற்றிய டார்வினின் முதல் பெரிய நூல் 1859இல் வந்தது. குரங்கின் வழியில் மனிதன் வந்ததைச் சொன்ன நூல் 1871இல் வந்தது. மனிதன் எங்கிருந்து வந்தான் என்று லண்டனில் சண்டை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மனிதன் இனி எங்கே போவான் என்று வடலூரில் ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் முதலில் என்ன கட்டினார்? 1867 மே 23ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலம் சுமார் 80 காணி. சாதி கேட்காமல், மதம் கேட்காமல், வந்தவர்களுக்குச் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை எழுந்தது 1872இல். நடுவில் நாலரை ஆண்டுக்கு மேல். அடுப்பு முதலில், ஜோதி பிறகு. இந்த வரிசையைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஜீவகாருண்யம் பற்றி அவர் எழுதிய உரைநடையில் பசியைப் பற்றி ஒரு நீண்ட பகுதி வருகிறது. தயவுசெய்து வீட்டுக்குப் போய் அதைத் தேடிப் படியுங்கள். பசி முற்றும்போது ஒரு மனிதனுக்குள் என்னென்ன நடக்கிறது என்று மருத்துவர் நாடி பார்ப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறார். அறிவு மங்குகிறது. ஞாபகம் தப்புகிறது. கண் குழிகிறது. காது இரைகிறது. நாக்கு வறள்கிறது. தோல் சுருங்குகிறது. கைகால் தளர்கிறது. உள்ளிருக்கும் கடவுள் விளக்கமே மறைகிறது. பிறகு சாப்பாடு கிடைத்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. முகம் மலர்கிறது, அறிவு விளங்குகிறது. ஆன்மாவைப் பற்றிய சாத்திரத்துக்குள் இரைப்பையைப் பற்றிய இத்தனை கூர்மையான கவனிப்பு எங்கிருந்து வந்தது? வீடு வீடாகப் பசித்தவர்களைப் பார்த்தவருக்குத்தான் அது கைவரும். அவர் மறைந்து இரண்டு ஆண்டு கழித்துத் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. சேலம் ஜில்லா அதில் மிகக் கொடுமையாக அடிபட்டது. நம்முடைய பாட்டன், பூட்டன் காலத்து எலும்புகள் இந்த மண்ணில்தான் கிடக்கின்றன.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. உங்கள் ஷிஃப்ட்டுக்கும் லட்சம் ஆண்டுக்கு அப்பால் வரப்போகும் ஜோதிக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. உங்கள் வீட்டு அடுப்பைத் தாண்டிக்கொண்டு போகும் எந்த ஜோதியையும் வள்ளலார் ஜோதியாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

1874 ஜனவரி 30ஆம் தேதி. மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் அவரைக் காணவில்லை. 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர்கூட இந்தச் செய்தியைப் பதிந்திருக்கிறது. அவர் ஜோதியில் கலந்தார் என்பது சன்மார்க்கத்தாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வணங்குகிறேன். அதைப் பற்றி வழக்காட நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது வேறொன்று. செத்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள் என்று அவர் தம்மைச் சேர்ந்தவர்களுக்குச் சொன்னார். காரணம், அவர்கள் எழுந்து வருவார்கள் என்றார். ஒரு ஞானி தாம் மட்டும் சாகாமல் இருப்பதைப் பேசினால் அது சித்தர் மரபு. செத்துப்போனவர்களும் திரும்பி வரவேண்டும் என்று பேசினால் அது வேறு பெரிய ஆசை.

இப்போது மாஸ்கோவுக்குப் போவோம். அதே 1874ஆம் ஆண்டு அங்கே ருமியன்ட்சேவ் நூலகத்தில் நிக்கொலாய் ஃபியோதரவ் என்ற ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். வள்ளலாரைவிட ஆறு வயது இளையவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ரொட்டியும் டீயுமாக வாழ்ந்தார். டால்ஸ்டாய் அவர்மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தார். உயிரோடு இருந்தவரை தம் பெயரில் எழுதியதை வெளியிட அவர் விரும்பவில்லை. 1903இல் இறந்த பிறகு நண்பர்கள்தான் தொகுத்துப் போட்டார்கள். என்ன சொன்னார்? மனித குலத்துக்குப் பொதுவான ஒரே வேலை, இதுவரை இறந்துபோன அத்தனை முன்னோர்களையும் உயிரோடு எழுப்புவதுதான் என்றார். பிள்ளைகள் அப்பன்களுக்குப் பட்ட கடன் அது. அதை அறிவியலைக் கொண்டு செய்ய வேண்டும். பஞ்சத்தையும் சாவையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்தே ஒழிக்க வேண்டும். சரி, அத்தனை பேரும் எழுந்தால் பூமியில் இடம் ஏது? ஆகவே விண்வெளிக்குப் போக வேண்டும் என்றார்.

அந்த நூலகரிடம் படிக்க வந்த பையன்களில் ஒருவன் காது சரியாகக் கேட்காதவன், ஏழை. அவன் பெயர் கான்ஸ்டன்டீன் சியல்கோவ்ஸ்கி. ஃபியோதரவ் இறந்த அதே 1903இல், ராக்கெட்டைக் கொண்டு விண்வெளிக்குப் போக முடியும் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை வெளியிட்டார். இன்றைக்கு ஸ்ரீஹரிக்கோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டுக்கும் அடிப்படையாக இருப்பது அந்தச் சமன்பாடுதான். செத்துப்போன முன்னோர்களுக்கு இடம் தேடிய ஒரு மனிதரின் நிழலில்தான் ராக்கெட் என்ற எண்ணம் வளர்ந்தது என்று நான் சொன்னால் வரலாற்றாசிரியர்கள் சிலர் மறுக்கக்கூடும். அந்த நிழல் அங்கே இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

வடலூரும் மாஸ்கோவும் ஒன்றையொன்று அறிந்ததில்லை. ஒருவர் அருளால் ஆகும் என்றார், மற்றவர் அறிவியலால் ஆக்க வேண்டும் என்றார். இருவருக்கும் தொடக்கம் பசி. இருவருக்கும் முடிவு, ஒருவர்கூட விடுபடாத ஒரு கூட்டம்.

நம் பக்கத்துக் கஞ்சமலைக் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்டிருப்பீர்கள். காயகற்ப மூலிகை தேடி ஒரு மூத்த சித்தர் சீடரோடு மலைக்கு வருகிறார். சீடரும் வயதானவர். சோறு பொங்கும்போது கரண்டி இல்லாமல், கையில் கிடைத்த குச்சியை ஒடித்துக் கிண்டுகிறார். சோறு கறுத்துப்போகிறது. குரு வந்தால் கோபிப்பார் என்று பயந்து அந்தச் சோற்றைத் தாமே தின்றுவிட்டு வேறு சோறு ஆக்குகிறார். தின்றதும் வாலிபனாகிவிடுகிறார். குரு வந்து பார்க்கிறார், இளைஞன் ஒருவன் நிற்கிறான். விஷயம் தெரிந்ததும், தின்றதைக் கக்கச் சொல்லி அதை வாங்கித் தாமும் உண்டு இளமை பெற்றார் என்று கதை முடிகிறது. சாகாமருந்து அடுப்பங்கரையில் கிடைத்தது. அதையும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பகிர்ந்துகொண்டார்கள். இந்த மண்ணின் கற்பனை அப்படித்தான் ஓடுகிறது. மணிமேகலை கையில் அமுதசுரபியைக் கொடுத்த கற்பனையும் இதுதான்.

பாண்டிச்சேரியையும் விட்டுவிட முடியாது. 1910 ஏப்ரல் 4ஆம் தேதி அரவிந்தர் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். பாரதி ஏற்கனவே அங்கே இருந்தார். 1914இல் தொடங்கிய ‘ஆர்யா’ இதழில் அரவிந்தர் மாதாமாதம் எழுதியதன் சாரம், மனிதன் பரிணாமத்தின் கடைசிப் படி அல்ல என்பது. கல்லிலிருந்து உயிரும் உயிரிலிருந்து மனமும் வந்ததைப்போல, மனத்துக்கு மேலே ஒன்று வரும். அது வானத்துக்கு ஓடிப்போகாது, இந்த உடம்பிலும் மண்ணிலும் இறங்கும் என்றார். கடைசிவரை அவர் திருத்தித் திருத்தி எழுதிய காவியம் ‘சாவித்திரி’. நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், எமனிடமிருந்து கணவனை மீட்ட பெண். அரவிந்தரின் காவியத்தில் அவளுக்குச் சொர்க்கத்தின் பேரின்பமே பரிசாகக் கிடைக்கிறது. வேண்டாம், பூமி வேண்டும், சத்தியவான் வேண்டும் என்று திரும்பி வருகிறாள். கிளார்க்கின் குழந்தைகள் எதைச் செய்யாமல் போனார்களோ, அதை இவள் செய்தாள்.

அரவிந்தர் வந்த அதே 1910இல் பாரதியின் ‘ஞானரதம்’ நூலாக வந்தது. தமிழ் உரைநடையில் எழுதப்பட்ட முதல் பெரிய மிகுகற்பனைகளில் ஒன்று அது. ரதத்தில் ஏறி உலகம் உலகமாகப் போகிறார். கவலையே இல்லாத உபசாந்தி லோகத்தின் வாசலில் ஒரு நிபந்தனை வருகிறது. மனத்தைக் கொன்றுவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். கூடவே வந்த மனம் நடுங்குகிறது. அதைச் சாகவிட்டு உள்ளே போக மனமில்லாமல் அவர் திரும்பிவிடுகிறார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இளைஞர் எழுதியது. சாந்தியைவிடக் கூட வந்த துணை பெரிது என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இத்தனை செல்வம் கையில் இருக்கிறது. தமிழில் அறிவியல் புனைகதை எழுதியவர்கள் இதிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள்? சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற எந்திர நாயைப் படைத்து, படிக்கப் படிக்க அது மனிதரைவிட மனிதத்தன்மை பெறுவதைக் காட்டினார். ஒரு தலைமுறையே அதைப் படித்து வளர்ந்தது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு, சித்த மருத்துவத்திலிருந்தும் ரசவாதத்திலிருந்தும் அறிவியல் கதை பிறக்க முடியும் என்று காட்டியது. வேறு நல்ல முயற்சிகளும் உண்டு. ஆனால் வடலூரிலிருந்து கிளம்பி லட்சம் ஆண்டு போகிற ஒரு நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. அது வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதோடு நிற்காமல், என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை உங்களிடம் சொல்கிறேன்.

லட்சம் ஆண்டுக்குப் பின். அணை இல்லை. தேக்கம் முழுவதும் வண்டல் நிரம்பிச் சமவெளியாகி, காவிரி வேறு பக்கம் அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் சாப்பிடுவதில்லை. வெயிலே அவர்களுக்கு உணவு. இரைப்பை, குடல் எல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டன. நோய் கிடையாது, பொய் கிடையாது. அவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முற்காலத்தில் இறந்துபோன ஒருவரை ஒப்படைப்பார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, தன் பங்குக்கு வந்தவரை முழுதாக அறிந்து, எழுப்ப வேண்டும். அரசர்களும் கவிஞர்களும் எப்போதோ எழுந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றிக் கல்வெட்டு இருந்தது, புத்தகம் இருந்தது. இனி மிஞ்சியிருப்பவர்கள் எந்தத் தடயமும் இல்லாதவர்கள்.

ஒரு பெண்ணுக்குப் பங்காக வருகிறவள், அணைக்குள் போன ஓர் ஊரில் வாழ்ந்தவள். தண்ணீர் ஏறுவதற்கு முன் ஆட்டுக்குட்டி ஒன்றையும் திருகைக்கல்லையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தவள். பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. அவளை அறிய வேண்டுமானால் முதலில் அவளுடைய பசியை அறிய வேண்டும். அவள் வாழ்நாளில் பாதியை ஆட்டிவைத்தது அதுதான். பசி என்றால் என்ன என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வயிறு வேண்டும். பெரியவர்களிடம் போய்க் கேட்கிறாள்: எனக்கு மட்டும் ஒரு வயிற்றைத் திருப்பிக் கொடுங்கள். சபை கூடுகிறது. ஒரு லட்சம் ஆண்டு பாடுபட்டு விட்டொழித்ததை மறுபடி வாங்குவது வளர்ச்சியா, வீழ்ச்சியா? சிலர் அவளைத் தடுக்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும், நமக்கு அடுத்த படி அதுதானோ என்னவோ என்கிறார்.

அவள் வயிற்றை வாங்கிக்கொள்கிறாள். மூன்று நாள் பசித்துக் கிடக்கிறாள். நான்காம் நாள் அந்தக் காலத்துப் பெண்ணின் மனம் அவளுக்குள் மெல்லத் திறக்கிறது. இறந்துபோனவள் எழுகிறாள். எழுந்தவள் கேட்கும் முதல் கேள்வி சொர்க்கத்தைப் பற்றியது அல்ல, கடவுளைப் பற்றியதும் அல்ல. “எங்க காடு எங்க?” என்று கேட்கிறாள். காடு நூறடி வண்டலுக்கு அடியில் இருக்கிறது. எழுப்பிவிட்டோம், சரி. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் எழுப்பினால் எழுப்பியது ஆகுமா? அத்தனை உயர்ந்த மனிதர்களும் மண்வெட்டி எடுத்து அந்த வண்டலைத் தோண்ட வேண்டுமா? தோண்டினால் இன்னும் யார் யாருடைய நிலம் வெளியே வரும்?

இதற்கு மேல் கதை எனக்கு நகரவில்லை, ஏனென்றால் அந்தப் பெண்ணின் காட்டில் என்ன விளைந்தது என்று எனக்குத் தெரியாது. ராகியா, கம்பா, சோளமா, எந்த மாதத்தில் விதைப்பார்கள், கிணறு வெட்டினால் எத்தனை அடியில் தண்ணீர் வரும், ஊரைக் காலி செய்தபோது கோயில் சாமியை யார் தூக்கி வந்தார்கள்? உங்களில் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் இருந்தால், அல்லது பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் எனக்காக இருங்கள். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.